கப்பலூர் நிலம் இருக்கட்டும், பிள்ளை கேட்கும் வேதியியலில் சேருங்கள்

திருமங்கலத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், வேதியியலில் 96. பள்ளிக்காக 800 மீட்டர் ஓடி, மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மாவட்டப் போட்டி வரை வந்தவள். நீட்டில் தகுதி மதிப்பெண் வந்தது, அரசு இடத்துக்கு எட்டவில்லை. கப்பலூர் நிலத்தை விற்று ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார் உங்கள் அண்ணன். பிள்ளையோ விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை செய்யும் துறைக்குப் போகிறேன் என்கிறாள். "மூத்திரம் பிடிக்கிற வேலைக்கா பொம்பளப் பிள்ளையை அனுப்புறது" என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள், ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் முன்னே பின்னே போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஆறுதலாகச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் உங்கள் அண்ணனோடு எனக்கு இருக்கும் வழக்கு.

ஜார்ஜியாவில் படிப்பு ஆறு வருடம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பும் 12 மாதப் பயிற்சியும் அங்கேயே முடிய வேண்டும். திரும்பி வந்து வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். அந்தத் தேர்வு எழுதுகிறவர்களில் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. தேறினாலும் இங்கே இன்னொரு வருடம் பயிற்சி. கட்டணத்தை டாலரில் சொல்கிறார்கள், டாலர் ஏறினால் உங்கள் கடனும் ஏறும். வங்கிகள் பொதுவாக ஏழரை லட்சம் வரைதான் சொத்துப் பிணை கேட்காமல் கல்விக்கடன் தரும். அதற்கு மேலே போனால் நிலம் அல்லது வீடு. இத்தனையையும் தாங்கலாம், பிள்ளை அந்தப் படிப்பைக் கேட்டிருந்தால். அவள் கேட்கவில்லை. கேட்காத படிப்புக்காக நிலத்தை விற்பதை நான் எந்தக் குடும்பத்துக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொறியியல், பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. பற்றி உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பிள்ளை கேட்டதைப் பார்ப்போம்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா 1999-இல் தொடங்கியது, தலைமையகம் மான்ட்ரியலில். அதன் விதித்தொகுப்பைத்தான் ஒலிம்பிக் விளையாட்டுகள் எல்லாம் பின்பற்றுகின்றன. இந்தியாவில் இரண்டு அமைப்புகள். வீரர்களிடம் மாதிரி எடுத்து, மீறலைத் தொடர்ந்து கவனித்து, வழக்கு நடத்துவது தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை (நாடா). மாதிரியைச் சோதிப்பது டெல்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்க வளாகத்தில் உள்ள தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனை ஆய்வகம். வாடா அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் இந்தியாவில் இது ஒன்றுதான். வாடாவின் கணக்கில் 2023-இல் இந்தியாவில் எடுத்த 5606 மாதிரிகளில் 213 மாதிரிகளில் தடைப்பொருள் இருந்தது. இவ்வளவு சோதனை நடத்திய நாடுகளில் அந்த வருடம் இதுதான் மிக உயர்ந்த விகிதம். எனவே இந்த நாட்டில் இந்த வேலை சீக்கிரம் தீரப்போவதில்லை.

இனி அந்த "மூத்திரம் பிடிக்கிற" வேலை. போட்டி முடிந்ததும் வீராங்கனையிடம் அறிவிப்பில் கையெழுத்து வாங்குவார்கள். அந்த நிமிடத்திலிருந்து கூடவே இருக்கும் கண்காணிப்பாளர் ஒருவர் அவளைக் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். சிறுநீர் உடலைவிட்டு வெளியேறுவதை ஒருவர் நேரில் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும், அவர் வீரரின் பாலினத்தவராகவே இருக்க வேண்டும். அதாவது பெண் அலுவலர் இல்லையென்றால் பெண்கள் போட்டியில் சோதனையே நடக்காது. சொந்தக்காரர்கள் இளக்காரமாகப் பேசும் இந்த வேலைக்குப் பெண்கள் இல்லாமல் முடியாது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

குறைந்தது 90 மில்லிலிட்டர் வேண்டும். முத்திரை உடையாத பல பெட்டிகளிலிருந்து வீராங்கனை தானே ஒன்றை எடுப்பாள், தானே ஊற்றுவாள்: 'ஏ' குப்பியில் 60, 'பி' குப்பியில் 30. பிறகு தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி எண்ணை ஒளிவிலகல்மானியில் பார்ப்பார்கள். 1.005 அல்லது அதற்கு மேல் வந்தால் சரி, 150 மில்லிலிட்டருக்குக் குறையாமல் இருந்தால் 1.003 போதும். பெரும்பாலும் சிக்குவது இந்த இடத்தில்தான். ஓடி முடித்த களைப்பில், சீக்கிரம் வரட்டும் என்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிடுவார்கள். மாதிரி நீர்த்துப்போகும், மறுபடி காத்திருந்து இன்னொன்று எடுக்க வேண்டும். 90-க்குக் குறைந்தால் அதையும் தற்காலிகமாக முத்திரையிட்டு வைத்து, அடுத்து வருவதோடு சேர்க்க வேண்டும். குப்பி எண்ணில் ஒரு இலக்கம் படிவத்தில் மாறினால் நாலு வருடத் தடையே விசாரணையில் விழுந்துபோகலாம். அதனால் எண்ணை வாய்விட்டுப் படிப்பதும், வீராங்கனையையே சரிபார்க்க வைப்பதும் பழக்கம். ஆய்வகத்துக்குப் போகும் தாளில் அவள் பெயர் இருக்காது, குப்பி எண் மட்டும்தான்.

ஏப்ரல் மாத மதுரை வெயிலில் அந்தக் குப்பி குளிர்பெட்டிக்கு வெளியே கிடந்தால் பாக்டீரியா பெருகி, இயற்கையாக இருக்கும் ஸ்டீராய்டுகளின் அளவுகளையே மாற்றிவிடும். ரத்தம் இன்னும் நுட்பமானது. வீரரின் உயிரியல் கடவுச்சீட்டுக்காக, அதாவது அவர் ரத்த அளவுகளைத் தொடர்ந்து பதிந்து ஒப்பிடும் ஏட்டுக்காக, ரத்தம் எடுப்பதென்றால் ஓட்டம் முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்க வேண்டும், எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். வழியில் இருந்த சராசரி வெப்பநிலையை மூன்றால் பெருக்கி, எடுத்ததிலிருந்து சோதிக்கும் வரை ஆன மணிநேரத்தைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. 4 டிகிரியில் போனால் 73 மணி நேரம் கிடைக்கும். 10 டிகிரிக்கு ஏறிவிட்டால் 55 மணிதான். நம் ஊரில் எடுத்த ரத்தம் விமான இணைப்பு தவறி ஒரு ராத்திரி எங்காவது தங்கினால் என்ன ஆகும் என்று பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் மகளுக்கு ஏற்ற இடம் மைதானமா ஆய்வகமா என்று கேட்டால், அவள் மதிப்பெண்ணைப் பார்த்து ஆய்வகம் என்பேன். ஸ்டீராய்டுகள் பெரும்பாலும் குளுக்குரோனைடு என்ற சேர்மமாகத்தான் சிறுநீரில் வெளியேறும். இரண்டு மூன்று மில்லிலிட்டர் எடுத்து, பீட்டா-குளுக்குரோனிடேஸ் நொதி சேர்த்து, 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்தப் பிணைப்பு அறும். காரத்தன்மை ஏற்றி, ஈதர் வகைக் கரைப்பானில் ஸ்டீராய்டைப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி, ஸ்டீராய்டு எளிதில் ஆவியாவதற்காகச் சிலைல் தொகுதி ஏற்றும் வினைப்பொருளைச் சேர்த்து 60 டிகிரியில் வைத்து, பிறகே வாயு நிறப்பகுப்பு-நிறை நிறமாலைக் கருவிக்குள் விடுவார்கள். கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி அது. கண்ணாடிக் குப்பியில் துளி ஈரம் இருந்தாலும் அந்த வினைப்பொருள் தண்ணீரோடு சேர்ந்து வீணாகும், கருவியின் வரைபடத்தில் அந்தப் பொருளைக் காட்டும் உச்சம் காணாமல் போகும். குற்றவாளி தப்பிப்பார். இதைப் பிடிக்கத்தான் அளவு தெரிந்த இன்னொரு பொருளை உள்தரமாக முதலிலேயே கலந்து வைக்கிறார்கள். அது திரும்பி வரவில்லை என்றால் அன்றைய வேலை செல்லாது. முந்தைய மாதிரியின் மிச்சம் ஊசியில் ஒட்டியிருந்து அடுத்ததில் தெரிவதும் உண்டு. அப்போது நிரபராதி மாட்டிக்கொள்வார். அதனால்தான் நடுநடுவே தடைப்பொருள் எதுவும் இல்லாத வெற்று மாதிரி ஓட்டுகிறார்கள்.

தேடும் அளவைச் சொன்னால் அண்ணனுக்கும் புரியும். பல ஸ்டீராய்டுகளை ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் அளவில் கண்டுபிடித்தாக வேண்டும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நாற்பத்திரண்டு நிறுத்தி, மொத்தத்திலும் ஒரு கிராம் கரைத்த மாதிரி. 2019 தோஹா ஆசியத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரில் தங்கம் வென்ற நம் திருச்சி கோமதி மாரிமுத்துவுக்கு நாலு வருடத் தடை வந்தது 19-நார்ஆண்ட்ரோஸ்டிரோன் என்ற ஒரு பொருளால். ஒருத்தியின் பதக்கமும் பேரும் இப்படி ஒரு அளவீட்டில் நிற்கிறது என்றால், அளக்கிறவர் கை எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்!

இதைவிட அழகான ஒரு வேலையும் அங்கே உண்டு. டெஸ்டோஸ்டிரோன் எல்லார் உடலிலும் இருக்கிறது. ஊசியில் ஏற்றியதை எப்படிப் பிரிப்பது? டெஸ்டோஸ்டிரோனுக்கும், உடலில் அதோடு கூடவே இருக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் 4-ஐத் தாண்டினால் முதல் சந்தேகம். அடுத்து கார்பன் ஐசோடோப்பு. மருந்து நிறுவனங்கள் இதைச் சோயா போன்ற தாவரங்களிலிருந்து செய்கின்றன, அவற்றில் கார்பனின் சற்றே கனமான வகையான கார்பன்-13 குறைவு. பலவகை உணவு உண்ணும் உடல் தானே சுரப்பதில் அது சற்று அதிகம். அதே சிறுநீரில் உள்ள, உடலே உண்டாக்கிய இன்னொரு ஸ்டீராய்டோடு ஒப்பிட்டு, வித்தியாசம் ஆயிரத்தில் 3 பங்குக்கு மேல் போனால் வெளியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். பதினோராம் வகுப்பில் படித்த ஐசோடோப்பு இங்கே சாட்சிக்கூண்டில் ஏறுகிறது.

மீறலைத் தொடர்ந்து கவனிக்கும் பிரிவும் உண்டு. பதிவுபெற்ற சோதனைப் பட்டியலில் உள்ள வீரர் ஒவ்வொரு நாளும் காலை 5 முதல் இரவு 11-க்குள் 60 நிமிடம் எங்கே இருப்பார் என்று முன்கூட்டிப் பதிய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் மருந்தே எடுக்காவிட்டாலும் அது மீறல். மாதிரிகளைப் பத்து வருடம் வரை சேமித்து மறுபடி சோதிக்கலாம். பெய்ஜிங் 2008, லண்டன் 2012 பதக்கங்கள் பல வருடம் கழித்துப் பறிபோனது அப்படித்தான்.

இனி கசப்பானது. ஒரே ஆய்வகம் என்றால் இடங்களும் குறைவு, பல பணிகள் ஒப்பந்தப் பணிகள். அந்த ஆய்வகத்தின் அங்கீகாரத்தையே வாடா 2019 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது, 2021 டிசம்பரில்தான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நம் மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போயின. மாதிரி எடுக்கும் அலுவலர் பணி பெரும்பாலும் அழைக்கும் நாளுக்கு ஊதியம் என்ற கணக்கு. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. எனவே "ஊக்கமருந்துத் தடுப்பு" என்று பெயர் போட்ட படிப்பில் சேர்க்காதீர்கள். அந்தப் பெயரில் பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிறோம் என்று யார் வந்தாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வாடாவின் 'அடெல்' இணையப் பயிற்சி இலவசம், அதை இந்த விடுமுறையிலேயே முடிக்கலாம்.

சேர வேண்டியது பி.எஸ்சி. வேதியியல். பிறகு எம்.எஸ்சி., அதில் பகுப்பாய்வு வேதியியலும் திரவ நிறப்பகுப்பு-நிறை நிறமாலைக் கருவியில் கைப்பழக்கமும். அந்தக் கை இருந்தால் டெல்லியில் இடம் கிடைக்காத வருடத்திலும் வேலை உண்டு. தூத்துக்குடி ஏற்றுமதி இறாலில் ஆன்டிபயாட்டிக் எச்சம் பார்ப்பது, மருந்து நிறுவனத் தரக்கட்டுப்பாடு, மதுரையிலேயே இருக்கும் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் என எல்லா இடத்திலும் இதே கருவிகள், இதே ஒழுங்கு. ஒடுக்கமான கனவை அகலமான படிப்பின் மேல் வைக்கச் சொல்கிறேன்.

மதுரை மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளுக்கான இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், வருடக் கட்டணம் சில ஆயிரத்துக்குள் முடியும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், பாத்திமா, தியாகராசர் ஆகியவற்றில் உதவிபெறும் பிரிவில் இடம் கிடைத்தால் சேருங்கள், சுயநிதிப் பிரிவென்றால் கட்டணத்தை விசாரித்த பிறகே. மூன்றாம் வருடம் பிப்ரவரியில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஐ.ஐ.டி. நடத்தும் ஜாம் தேர்வு எழுதட்டும். கிடைக்கவில்லை என்றால் காமராசர் பல்கலைக்கழகமோ காரைக்குடி அழகப்பாவில் தொழிலக வேதியியலோ போதும். இன்னொரு வழி பி.பார்ம்., மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே இருக்கிறது. முடித்து மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனங்களான நைப்பர்களில் மருந்துப் பகுப்பாய்வு மேற்படிப்பு. எந்த வழியில் போனாலும் ஐந்தாறு வருடச் செலவுக்கு நிலத்தைத் தொட வேண்டியதில்லை.

பிள்ளையிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவளுக்குப் பிடித்தது ஓட்டமா, வேதியியலா? பள்ளி ஆய்வகத்தில் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) செய்யும்போது ஒரே அளவு வரும் வரை மறுபடி மறுபடி செய்ததை ரசித்தாளா, சலித்துக்கொண்டு எண்ணைத் தானே எழுதிக்கொண்டாளா? இரண்டாவது என்றால் இந்த ஆய்வகம் அவளுக்கு வேண்டாம், விளையாட்டின் பக்கமே வேறு படிப்பு பார்க்கலாம், மறுபடி எழுதுங்கள். ரசித்தாள் என்றால் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

அவள் தொடர்ந்து ஓடட்டும். ஆனால் ஜிம்மில் விற்கும் புரதப் பொடி எதையும் வாங்க விடாதீர்கள். டப்பாவில் எழுதாத ஸ்டீராய்டு உள்ளே இருந்தாலும் பொறுப்பு அவளுடையதுதான். இருமல் மருந்துகூடக் கேட்டு வாங்க வேண்டும். கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷா 2019-இல் எட்டு மாதத் தடை பெற்றது இருமல் மருந்தில் உள்ள டெர்பியூட்டலினுக்காக.

அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஜார்ஜியா முகவரிடம் அசல் மதிப்பெண் சான்றிதழையோ பாஸ்போர்ட்டையோ கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள், முன்பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். அசல் இல்லாமல் கல்லூரிச் சேர்க்கையில் நிற்க முடியாது.