சாம்பிள் வயலினும் தோடியின் காந்தாரமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திரைப்படப் பின்னணி இசையைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையில், இன்று நாம் கேட்கும் வயலின் குழுக்களில் பல, கணினிக்குள் இருக்கும் சாம்பிள்களே, அதாவது உண்மையான கருவிகளிலிருந்து சுரம் சுரமாகப் பதிந்துவைத்த ஒலித்துண்டுகளே என்று குறிப்பிட்டிருந்தீர்கள். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். இரவு நேரங்களில் நண்பர்களின் குறும்படங்களுக்கு வீட்டிலிருந்தபடியே இசை அமைக்கிறேன். சென்ற ஆண்டு சேமிப்பிலிருந்து பணம் எடுத்து, ஏறத்தாழ 90 ஜிகாபைட் கொண்ட ஒரு தந்திக்கருவிச் சாம்பிள் தொகுப்பை வாங்கினேன். வயலின், வியோலா, செல்லோ எல்லாம் சேர்ந்து பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் ஒரு நீண்ட கார்டைப் பிடிக்கும்போது அடுத்த அறையில் இருப்பவர்கள் எழுந்து வந்து பார்க்கிறார்கள். ஆனால் தனி வயலினில் ஒரு மெட்டை வாசித்தால் அதில் உயிரே இல்லை. தோடி ராகத்தில் நான்கு வரி வாசிக்க முயன்றேன். காந்தாரம் என்ற ‘க’ சுரத்தைத் தொட்டதுமே அது பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்து ஆர்மோனியம் ஆகிவிட்டது. இன்னும் பெரிய தொகுப்பை வாங்கினால் இது சரியாகுமா, அல்லது கணினியால் இது என்றைக்குமே ஆகாதா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

இன்னும் பெரிய தொகுப்பை வாங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வயலினில் குறைவது பதிவின் அளவு அன்று; ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழிதான் அதில் இல்லை.

பியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் கட்டையை அழுத்துகிறது, சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு விலகிவிடுகிறது. அதன் பிறகு அந்த ஒலியின் மீது வாசிப்பவருக்கு எஞ்சியிருக்கும் உரிமை, அதை எப்போது நிறுத்துவது என்பது மட்டுமே. ஆகவே 88 கட்டைகளையும் மென்மையிலிருந்து வன்மைவரை பல நிலைகளில் அடித்துப் பதிந்துகொண்டு, விரலின் வேகத்துக்கு ஏற்ற பதிவை ஒலிக்கவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகிறது. வயலினில் சுரம் பிறந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. வில்லின் அழுத்தம், அதன் வேகம், அது தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டுக்கு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்பது, இடது கை விரலின் அசைவு ஆகிய எல்லாம் கார்வை, அதாவது சுரத்தின் நீட்டல், முடியும்வரை ஒலியை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. நின்றுபோன ஒரு பதிவைக் கொண்டு இதை எப்படிச் செய்வது என்பதே சாம்பிள் தொழில்நுட்பத்தின் பழைய சிக்கல்.

தொடக்கத்தில் இதை நினைத்துப் பார்க்கவே இடமில்லை. 1988இல் வந்த அக்காய் எஸ்1000 என்ற சாம்பிளரின், அதாவது பதிவுகளை ஒலிக்கவிடும் கருவியின், அடிப்படை நினைவகம் 2 மெகாபைட்; குறுந்தகட்டுத் தரத்தில் மோனோவாகப் பதிந்தால் அதில் சுமார் 23 விநாடி ஒலிதான் அடங்கும். அதற்குள் ஒரு கருவி முழுவதையும் திணிப்பதற்காக, பதிவில் ஒரு சிறு துண்டைத் தேர்ந்து அதையே சுற்றிச் சுற்றி ஒலிக்கவிட்டார்கள். கார்வையின் அசைவும் செக்குமாடுபோல ஒரே தடத்தில் சுற்றியது. 1998இல் டெக்சாஸில் உருவான கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிப்பு நடக்கும்போதே வன்தட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. இடப்பஞ்சம் அத்துடன் தீர்ந்தது.

இடம் கிடைத்ததும் எதைப் பதிவது என்ற கேள்விக்கு நல்ல விடை வியன்னாவிலிருந்து வந்தது. செல்லோ கலைஞரான ஹெர்ப் டுக்மாண்டல் 2000ஆம் ஆண்டில் வியன்னா சிம்பொனிக் லைப்ரரி என்ற சாம்பிள் நிறுவனத்தைத் தொடங்கினார். தனித்தனிச் சுரங்களை எவ்வளவு அழகாகப் பதிந்தாலும், ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கும்போது அது லெகாட்டோ, அதாவது இடைவெளியில்லாமல் இழையும் வாசிப்பு, ஆவதில்லை என்பது செல்லோ வாசித்தவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எனவே அவர்கள் சுரங்களுடன் சேர்த்துச் சுரங்களுக்கு நடுவே நிகழ்வதையும் பதிந்தார்கள். கலைஞர் முதல் சுரத்திலிருந்து இரண்டாவதற்கு இழைந்து செல்வார். அந்த இழைவை மட்டும் தனியே வெட்டி எடுத்துக்கொள்வார்கள். பிறகு நாம் முதல் கட்டையை விடாமலே இரண்டாவதை அழுத்தும்போது, மென்பொருள் முதல் சுரத்தின் கார்வையிலிருந்து இந்த இழைவுக்குள் நுழைந்து, அதன் வழியாக இரண்டாவது சுரத்தின் கார்வையில் போய்ச் சேரும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலையின் கணக்கைப் பாருங்கள். கணக்கராகிய உங்களுக்குப் பிடிக்கும். வயலினில் ஏறத்தாழ 45 சுரத்தானங்களைப் பதிவதாகவும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஸ்தாயி மேலும் ஒரு ஸ்தாயி கீழும் உள்ள எல்லாவற்றுக்கும் செல்வதாகவும் கொண்டால், 900க்கும் மேற்பட்ட இணைப்புகள் வருகின்றன. மென்மை, நடுத்தரம், வன்மை என்று மூன்று நிலைகளில் எடுத்தால் 2,700ஐத் தாண்டும். இது விட்டு வாசிக்காத ஒரே பாணிக்கு மட்டும். ஒரே சுரத்தை அடுத்தடுத்து வாசித்தால் ஒரே பதிவு திரும்பத் திரும்பக் கேட்டு, இத்துறையினர் மெஷின்கன் என்று கேலி செய்யும் படபடப்பு உண்டாகும். அதைத் தவிர்க்க அதே சுரத்தைப் பலமுறை பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவார்கள். உங்கள் 90 ஜிகாபைட்டின் பெரும்பகுதி இப்படித்தான் வந்திருக்கும்.

அப்படியானால் தனி வயலின் ஏன் தோற்கிறது? மென்மையான பதிவிலிருந்து வன்மையான பதிவுக்கு நகர, மென்பொருள் ஒன்றைக் குறைத்தபடி மற்றொன்றைக் கூட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு நேரத்தில் பதியப்பட்டவை. அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கலக்கும் அந்த நேரத்தில் இரண்டு வயலின்கள் வாசிப்பதுபோல ஒலி பிரிந்து கேட்கும். பதினான்கு வயலின்கள் கொண்ட குழுவில் பதினைந்தாவதாக ஒன்று சேர்ந்ததை யாரும் கவனிக்கமாட்டார்கள், தனி வயலினில் எல்லோரும் கவனிப்பார்கள். உங்கள் கார்டு நன்றாக இருப்பதும் மெட்டு கெட்டுப்போவதும் ஒரே காரணத்தால்தான். ஜோர்ஜியோ டொமாசினியும் பீட்டர் சீட்லாசெக்கும் 2008இல் வெளியிட்ட டிரம்பெட் சாம்பிள் தொகுப்பில், பதிவுகளின் மேற்சுர அலைகளை முன்கூட்டியே ஒன்றோடொன்று பொருந்தும்படி சீர்செய்திருந்தார்கள். அந்தத் தொகுப்பு ஒரு ஜிகாபைட்டுக்கும் குறைவு. மூச்சின் வேகத்தை உணரும் பிரெத் கன்ட்ரோலரை வாயில் வைத்து ஊதிக்கொண்டு வாசித்தால், அதைவிடப் பல மடங்கு பெரிய தொகுப்புகளைக் காட்டிலும் அது உயிரோடு ஒலித்தது என்பது என் எண்ணம்.

ஊதிக்கொண்டு என்று சொன்னது முக்கியம். வில்லுக்கும் மூச்சுக்கும் பதிலாக நம் கையில் இருப்பது கீபோர்டின் ஓரத்தில் உள்ள மாடுலேஷன் வீல் என்ற சிறு சக்கரம். அதற்கு 0 முதல் 127 வரை 128 படிகள். வலது கையால் மெட்டையும் இடது கையால் வீலையும் சேர்த்து ஓட்டப் பழகாதவருக்கு எந்தத் தொகுப்பும் ஆர்மோனியம்தான். இழைவுப் பதிவு ஒலித்து முடியச் சிறிது நேரம் பிடிக்கும், சில தொகுப்புகளில் விநாடியில் கால் பங்குகூட ஆகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நான் ஓர் ஆவணப்படத்துக்கு வேலை செய்தபோது, எல்லாச் சுரங்களையும் தாளக் கோட்டின் மீதே மிகச் சரியாக வைத்துவிட்டு, வயலின்கள் ஏன் பின்தங்குகின்றன என்று இரண்டு வாரம் திண்டாடினேன். தடம் முழுவதையும் சற்றே முன்னால் நகர்த்தியதும் சரியாயிற்று. வயலின் கலைஞருக்கு அடுத்த சுரம் எது என்று முன்பே தெரியும். கட்டையை அழுத்தும்வரை மென்பொருளுக்குத் தெரியாது.

இனி உங்கள் தோடி. வியன்னாவில் பதிந்த இழைவுகள் நிலையான ஒரு சுரத்திலிருந்து நிலையான இன்னொரு சுரத்துக்குச் செல்பவை. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடுவது. அந்த ஆட்டத்தை நீக்கிவிட்டால் அங்கே காந்தாரமே இல்லை. சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் வீலைக் கொண்டு ஆட்டலாம் என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலான தொகுப்புகளில் அது மேலே இரண்டும் கீழே இரண்டும் அரைச்சுரம் செல்லும், கணக்கில் அது தோடிக்குப் போதும். ஆனால் பதிவை அப்படி வளைக்கும்போது தந்தியின் ஒலியோடு வயலின் பெட்டியின் அதிர்வும் சேர்ந்து வளைகிறது. உண்மையான வயலினில் விரல்தான் நகரும், மரம் நகராது. காது இதைக் காரணம் தெரியாமலே கண்டுபிடித்துவிடும்.

இங்கேதான் பதிவை விட்டுவிட்டு, தந்தி, வில், பெட்டி ஆகியவற்றின் இயக்கத்தையே கணக்கிடும் முறை கைகொடுக்கிறது. இத்தாலியின் ஆடியோ மாடலிங் நிறுவனத்தின் ஸ்வாம் வயலின் அத்தகையது. அதன் தொனி எனக்குச் சற்றுக் கண்ணாடித்தனமாகப் படுகிறது, ஆனாலும் கமகத்துக்கு, அதாவது சுரத்தின் இத்தகைய ஆட்டத்துக்கு, அது வளைந்துகொடுக்கும். அதை வாசிக்கும் கருவியும் மாறவேண்டும். ஏ. ஆர். ரகுமான் வாசிக்கும் கன்டினூம் என்ற கருவியில் கட்டைகளே இல்லை; அமெரிக்காவின் லிப்போல்ட் ஹாக்கன் உருவாக்கிய அந்தத் தொடர்ச்சியான பரப்பில் விரலின் இடவல நகர்வு, முன்பின் நகர்வு, அழுத்தம் மூன்றும் தனித்தனியே உணரப்படுகின்றன. ஒவ்வொரு விரலும் தன் சுரத்தை மட்டும் வளைக்கும்படி செய்யும் எம்.பி.இ. என்ற மிடி (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) நெறிமுறை 2018இல் ஏற்கப்பட்ட பிறகு, விலை குறைந்த கருவிகளிலும் இந்த வசதி வந்துவிட்டது. எனவே கணினியால் என்றைக்குமே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பரப்பில் தோடியை வாசிக்க, வயலினில் தோடி பழகிய அளவுக்கே விரல் பழகவேண்டும்.

உங்கள் குறும்படத்துக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. கார்டுகளையும் பின்னணிக் கார்வைகளையும் உங்கள் தொகுப்பிலேயே வைத்துக்கொண்டு, தோடியின் நான்கு வரிகளை மட்டும் உங்கள் ஊரில் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் ஒரு வயலின் கலைஞரை வீட்டுக்கு அழைத்து வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், மைக்கை வயலினுக்கு மிக அருகில் வைக்காதீர்கள்.