ஓய்வெடுத்தும் விடாத குதிக்கால் நோவு

கேள்வி: வயது 46. மாலையில் காலிமுகத்திடலில் 5 கிலோமீற்றர் வேகமாக நடப்பேன். ஐந்து மாதமாக வலது குதிக்குச் சற்று மேலே, பின்பக்க நரம்பில் நோவு. காலையில் கட்டிலால் இறங்கியதும் வைக்கும் முதல் பத்து அடியும் உயிர் போகிறது. மூன்று கிழமை நடக்காமல் இருந்தேன், சுகமாக இருந்தது. திரும்ப நடக்கத் தொடங்கியதும் வந்துவிட்டது. ஊசி போட்டால் தீருமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஊசி வேண்டாம். நீங்கள் நரம்பு என்பது கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு பிணைக்கும் தசைநாண். அதில் ஸ்டீரொயிட் ஏற்றினால் சில கிழமைகள் நோவு அடங்கும். நாண் நலிந்து அறுந்துபோகவும் கூடும்.

பாரம் சுமந்தால்தான் தசைநாண் உரம் பெறும். சும்மா இருந்த மூன்று கிழமையில் நோவு தணிந்தது, கூடவே நாணின் வலுவும் இறங்கியது. அதன்மேல் பழைய 5 கிலோமீற்றரை ஒரேயடியாக ஏற்றிவிட்டீர்கள்.

சுவீடனின் ஆல்ஃப்ரெட்சன் குழு 1998இல் வெளியிட்ட படிக்கட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியின் விளிம்பில் முன்பாதங்களை மட்டும் வைத்து நில்லுங்கள். இரண்டு காலாலும் நுனிக்காலில் எழும்புங்கள். பாரத்தை நோவுள்ள காலுக்கு மாற்றி, குதி படிக்குக் கீழே போகும்வரை மெல்ல இறங்குங்கள். ஏறும்போது நல்ல கால் உதவட்டும், இறங்கும்போது உதவக்கூடாது. பலர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். முழங்காலை நீட்டியபடி 15 தடவை, மூன்று சுற்று. சற்று மடித்தபடி அதேயளவு. காலையும் மாலையும், 12 கிழமை. முடியாவிட்டால் பாதியில் தொடங்கிக் கூட்டுங்கள். இலகுவானதும் முதுகுப்பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பயிற்சியில் நோகும். நோவே இல்லாததை 0, தாங்கமுடியாததை 10 என்று வைத்தால், ஐந்து வரை பரவாயில்லை. மறுநாள் காலை வழமையைவிட மோசமென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். இரண்டாம் கிழமையில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நடையையும் அடியோடு நிறுத்தவேண்டாம்: 2 கிலோமீற்றர், நிதானமாக. தட்டையான பாட்டா செருப்பு வேண்டாம், குதி சற்று உயர்ந்த சப்பாத்து நல்லது.

நோவு எலும்போடு ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறங்காமல் சமதரையில் செய்யுங்கள். கீழே இறங்கினால் நாண் எலும்பில் அழுந்தி நோவு கூடும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாறாவிட்டால் அதிர்வலைச் சிகிச்சை (தோலுக்கு மேலே கருவியை வைத்து நாணுக்கு அதிர்வு கொடுப்பது) பற்றிப் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். சொந்த இரத்தத்திலிருந்து பிரித்து ஏற்றும் பிளாஸ்மா ஊசிக்குச் செலவு அதிகம். 2010இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வில் அது உப்புநீர் ஊசியை மிஞ்சவில்லை.

கேள்வி: பட்மிண்டன் ஆடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்தது; திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நடக்க முடிகிறது. எண்ணெய் பூசலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: எண்ணெயை வைத்துவிட்டு இன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். குதிக்கு மேலுள்ள தசைநாண் அறுந்தவர் சொல்வது அப்படியே இதுதான். குப்புறப் படுத்து, பாதங்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். வீட்டார் ஒருவர் கெண்டையைப் பிழியட்டும்; நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும், அறுந்த காலில் அசையாது. விரல்கள் அசைகின்றன, நடக்கிறேன் என்பதை நம்பி ஏமாறாதீர்கள். மற்றத் தசைகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். உடனே போனால், நுனிக்காலில் நிற்பதுபோல் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டியே பலருக்குக் குணமாக்கலாம். கிழமைக்கணக்கில் பிந்தினால் முனைகள் விலகி, பெரும்பாலும் சத்திரசிகிச்சையில்தான் முடியும்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. சலத்தில் கிருமி என்று சிப்ரோஃப்ளொக்சசின் கொடுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு குதியும் நோகிறது. சம்பந்தம் உண்டா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: உண்டு. சிப்ரோஃப்ளொக்சசின் வகைக் கிருமிகொல்லி மருந்துகள் தசைநாணைத் தாக்கும்; 60 வயதுக்கு மேல், ஸ்டீரொயிட் குளிசையும் எடுத்தால் ஆபத்து இன்னும் கூடும். அடுத்த குளிசைக்கு முன் வைத்தியரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். அதுவரை அப்பா மாடிப்படி ஏறவேண்டாம், மேலே சொன்ன பயிற்சியும் கூடாது. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு நாண் அறுபடலாம். மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள்.