ஒரு சொல்லுக்காகச் சான்றிதழை நிறுத்தலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் வசிக்கிறோம். உயர்நிலைப் பள்ளியில் முதலிடம் பெற்ற என் மகன் பட்டமளிப்பு விழாவில் பேசினான். கால்குலஸ் பாடத்தைப் பற்றிச் சொல்லும்போது, ஒப்புதல் வாங்கிய உரையில் இல்லாத ‘டேம்’ என்ற வசைச்சொல்லைச் சேர்த்துவிட்டான். மன்னிப்புக் கடிதம் தந்தால்தான் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான டிப்ளமோ சான்றிதழ் என்கிறார் பள்ளி முதல்வர். “எனக்குப் பேச்சுரிமை உண்டு, எழுத மாட்டேன்” என்கிறான் மகன். “எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கி வா” என்கிறார் கணவர். ஒரு வாரமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நம் வீட்டுப் பெரியவர்கள் சலிப்பில் ‘என்ன எழவோ’ என்பார்களே, உங்கள் மகன் சொன்னதும் அந்த ரகம்தான். அதற்காக நான்கு ஆண்டு உழைப்பின் சான்றிதழைப் பிடித்து வைப்பது அநியாயம். முதலில் இதை அவனிடம் சொல்லுங்கள். வீட்டில் ஒருவராவது இப்படிச் சொன்னால்தான் அடுத்து வரும் கசப்பான செய்தி அவன் காதில் ஏறும்.

சட்டம் அவன் பக்கம் இல்லை. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களுக்கு 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் துணை நின்றது. அவன் மனத்தில் இருப்பது அந்தத் தீர்ப்பாக இருக்கலாம். ஆனால் பள்ளிக் கூட்டத்தில் ஆபாசமாக இரட்டைப் பொருள்படப் பேசிய மாணவனைத் தண்டித்தது சரியே என்று 1986-இல் அதே நீதிமன்றம் சொன்னது. பள்ளி தன் பெயரில் நடத்தும் மேடையிலும் இதழிலும் வருவதைக் கல்வி நோக்கத்துடன் பள்ளி கட்டுப்படுத்தலாம் என்றது 1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2021-இல், வார இறுதியில் பள்ளிக்கு வெளியே ஸ்னாப்சாட்டில் வசைச்சொல் எழுதிய மாணவி வென்றாள். உங்கள் மகன் பேசியதோ பள்ளியின் ஒலிபெருக்கியில்.

உங்கள் மாநிலத்திலேயே இதற்கு மிக நெருங்கிய வழக்கு ஒன்று உண்டு. 2006-இல் மான்யுமென்ட் நகரப் பள்ளியில், முன்கூட்டியே காட்டிய உரையை மாற்றி இயேசுவைப் பற்றிப் பேசினாள் ஒரு மாணவி. மன்னிப்புக் கேட்கும்வரை அவளுக்கும் சான்றிதழ் தரப்படவில்லை. அவள் வழக்குத் தொடுத்தாள். பேச்சைக் கட்டுப்படுத்தியதும் மன்னிப்பு எழுத வைத்ததும் அரசமைப்புக்கு விரோதமல்ல என்று 2009-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொலராடோவைக் கட்டுப்படுத்துவது அந்த நீதிமன்றம்தான். எனவே வழக்கறிஞரைத் தேடி ஓட வேண்டாம்.

நீதிமன்றத்தில் நிற்காத நியாயம் பேச்சுவார்த்தையில் நிற்கும். ஓக்லஹோமாவின் பிராக் என்ற சிறு ஊரில், 2012-இல் முதலிடம் பெற்ற மாணவி ஒருத்தி ‘ஹெல்’ என்ற வசைச்சொல்லைச் சொன்னதற்காகப் பள்ளி சான்றிதழைத் தர மறுத்தது. செய்தி நாடெங்கும் பரவியது. அப்படித் தலைப்புச் செய்தியாவதை எந்தப் பள்ளி நிர்வாகமும் விரும்பாது. முதல்வரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: எந்த எழுத்து விதியின்படி சான்றிதழ் நிறுத்தப்பட்டது? பதில் சரியாக வராவிட்டால் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரிடமும், பிறகு பள்ளி வாரியத்திடமும் செல்லுங்கள். இதனிடையே, படிப்பை முடித்ததாகக் குறிப்பிடும் இறுதி மதிப்பெண் பட்டியல் கல்லூரிக்குப் போய்விட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கல்லூரி பெரும்பாலும் கேட்பது அதைத்தான், கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டும் காகிதத்தை அல்ல. அது போய்விட்டால் உங்கள் கணவரின் பதற்றமும் பாதி குறையும்.

கடிதத்தை மகனே எழுதட்டும். தந்தை சொல்லச் சொல்ல எழுத வேண்டாம். மனம் ஒப்பாததை எழுதவும் வேண்டாம். அந்தச் சொல் பெரும் பாவம் என்று அவன் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் ஓர் உரையைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு வேறொன்றைப் பேசினான் என்பது உண்மை. அதை நம்பி மேடை கொடுத்த ஆசிரியருக்கு அவன் ஒரு வார்த்தை கடன்பட்டிருக்கிறான். “ஒப்புக்கொண்ட உரையை மாற்றிப் பேசியதற்கு வருந்துகிறேன்” என்ற ஒற்றை வரி போதும். முதல்வர் அதற்கு மேல் கேட்டால், அந்த வரியையும் அவர் பதிலையும் எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரைப் பார்க்க நீங்கள் மூவரும் சேர்ந்து போங்கள்.