தொடர்ந்து நிறுவனங்கள் தொடங்குபவர் எதிலிருந்து அதிகம் கற்கிறார், வெற்றியிலிருந்தா தோல்வியிலிருந்தா?

ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டார்ட்அப்களைத் தொடங்கி நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தோல்விதான் பெரிய ஆசான் என்ற மேடைப் பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

துணிகர முதலீடு (புது நிறுவனங்களை நம்பி, பங்குக்கு ஈடாகப் போடும் பணம்) பெற்ற நிறுவனர்களை ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிறுவனம் பங்குச் சந்தைக்கு வருவதையே அவர்கள் வெற்றியாகக் கொண்டார்கள். முன்பு வென்றவர் மறுபடியும் வெல்லும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம். முன்பு தோற்றவருக்கும் புதிதாக இறங்குபவருக்கும் அது 20 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. தோற்றவர் கற்ற பாடமெல்லாம் எங்கே போயிற்று? சரியான துறையைச் சரியான நேரத்தில் பிடிக்கும் திறமைதான் வென்றவர்களிடம் தொடர்கிறது என்கிறது அந்த ஆய்வு. அதோடு, பெயர் வாங்கியவரிடம் பணமும் ஆட்களும் தாமாக வந்து சேர்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

அந்தப் பெயரே சில நேரம் காலை வாரிவிடும். பில் நுயென் தொடங்கிய லாலா இசைத் தளத்தை ஆப்பிள் 2009-ல் வாங்கியது. அடுத்து அவர் தொடங்கிய 'கலர்' என்ற புகைப்படச் செயலிக்கு, பயனர்கள் யாரும் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே 4.1 கோடி டாலர் கிடைத்தது. 2011-ல் வெளிவந்த செயலி மறு ஆண்டே மூடுவிழாவுக்கு வந்துவிட்டது. சிறு தொகையோடு தொடங்கியிருந்தால், இதை யாருக்காகச் செய்கிறோம் என்று முதல் மாதமே கேட்டிருப்பார்கள்.

ஆனால் தோல்வியில் உண்மையாகவே கற்க வேண்டிய ஒன்று உண்டு: எப்போது கடையைச் சாத்துவது. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு 2012-ல் தம் 'கிளிட்ச்' இணைய விளையாட்டை நிறுத்தியபோது, முதலீட்டாளர்களின் பணம் இன்னும் கையில் இருந்தது. வேலை இழந்தவர்களுக்கு வேறு வேலை தேடித் தரவும் முனைந்தார். விளையாட்டை உருவாக்கும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள அந்தக் குழு செய்துவைத்திருந்த கருவிதான், அலுவலகக் குழுக்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் 'ஸ்லாக்' செயலி ஆனது. 2021-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அதைச் சுமார் 2,770 கோடி டாலருக்கு வாங்கியது. கடைசிக் காசுவரை கிளிட்சில் இறைத்திருந்தால் அந்தக் குழுவே மிஞ்சியிருக்காது.

மற்றபடி, பட்டவர்கள் ஒழுங்காகச் செய்யும் வேலை ஒன்றுதான்: இணை நிறுவனர்களின் பங்கு ஒப்பந்தம். நான்கு ஆண்டுகளில் படிப்படியாகப் பங்கு சேரும், ஓராண்டுக்குள் விலகினால் எதுவும் இல்லை என்ற வரியை, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.