பாலியஸ்டர் துணிக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

பாலியஸ்டர் புடவையையும் பள்ளிச் சீருடையையும் சுருங்காமல், இஸ்திரிப் பெட்டியில் ஒட்டாமல், பளபளப்பு ஏறாமல் தேய்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் எல்லாருடைய துணிகளையும் தேய்ப்பது நான்தான். அதனால் இதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன்.

பாலியஸ்டர் இழை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். ஆனால் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். சுருக்கம் நீங்க அந்த இளக்கமே போதும். பருத்திக்கு வைக்கும் 200 டிகிரியில் பாலியஸ்டர் உருகாதுதான். ஆனால் நன்றாக இளகிய இழை பெட்டியின் எடையில் நசுங்கித் தட்டையாகிவிடும். கறுப்பு பேன்டின் முழங்காலிலும் பாக்கெட் ஓரத்திலும் தெரிகிற பளபளப்பு அதுதான். நசுங்கிய இழை மீண்டும் உருண்டு வராது. நைலானில் ஒரு வகை 220 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

இதற்கு நான் நம்புவது ஒரு துண்டு பழைய மல் வேட்டியைத்தான். நனைத்து, சொட்டாமல் இறுகப் பிழிந்து, புடவையின் மேல் விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்து எடுங்கள். மல் துணியில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது. பாலியஸ்டர் இளக அது போதும், கெட்டுப்போக அது போதாது. தெருமுனையில் கரிப்பெட்டியால் தேய்ப்பவர் சூட்டைக் குறைக்கவும் கூட்டவும் திருகு ஏது? ஈரத்துணியை விரித்துத்தான் அவர் மெல்லிய புடவைகளைக் காப்பாற்றுகிறார். ஈரம் காய்ந்து ஆவி நின்றதும் துணியை மறுபடி நனைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மின்பெட்டியின் திருகில் உள்ள குறிகளில் ஒரு புள்ளி 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 என்பது பொதுக் கணக்கு. ஒரு புள்ளியில் தொடங்குங்கள். போதவில்லை என்றால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். பெட்டி முதல் முறை சூடேறும்போது குறித்த அளவைத் தாண்டிப் போய்த்தான் திரும்பும். விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்து மறுபடி அணையும்வரை பொறுத்திருங்கள். சிந்தடிக் துணிகளை முதலில் முடித்துவிட்டுப் பருத்திக்குப் போங்கள். சூடான பெட்டி ஆறுவதற்குள் பொறுமை போய்விடும்.

பலரும் கோட்டை விடுவது தேய்த்த பிறகுதான். சூட்டில் இளகிய பாலியஸ்டர், ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே இறுகும். சுடச்சுட மடித்து பீரோவில் அடுக்கினால் புதுச் சுருக்கத்தை நாமே பதித்தவர்களாவோம். ஐந்து நிமிடம் ஹேங்கரில் தொங்கவிட்டு, பிறகு மடியுங்கள். சீருடைப் பாவாடையின் மடிப்புகளுக்கு இதே குணம் உதவும். மடிப்பை எடுத்து, ஈரத்துணி வைத்து அழுத்தி, பெட்டியை எடுத்த பின் கனமான புத்தகம் ஒன்றை வைத்து ஆறவிடுங்கள். துவைத்தாலும் அந்த மடிப்பு எளிதில் கலையாது. மடிப்பு கோணலாக விழுந்தாலும் அப்படியே நிற்கும் என்பதால், அழுத்துவதற்கு முன் விரலால் ஒருமுறை நேராக்கிக்கொள்ளுங்கள்.

என்ன துணி என்று தெரியவில்லையா? உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையுடன் சாம்பலானால் பருத்தி அல்லது விஸ்கோஸ் (ரேயான்). சுருண்டு உருகிக் கடினமான மணியாக நின்றால் சிந்தடிக். இரண்டும் கலந்த துணியைச் சிந்தடிக்காகவே நினைத்துத் தேயுங்கள்.

அக்ரிலிக் ஸ்வெட்டருக்கு மட்டும் ஈரத்துணி வைத்தியம் ஆகாது. ஈரச்சூட்டில் அது தொய்ந்து, உருக்குலைந்துவிடும். அதைத் தேய்க்காமல் விட்டுவிடுவதே நல்லது. கல், சமிக்கி ஒட்டிய இடங்களில் பசை இளகும். அங்கேயும் பெட்டி படக்கூடாது.

ஏற்கெனவே பெட்டியின் அடியில் உருகிய துணி ஒட்டியிருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு, இளஞ்சூடாக இருக்கும்போதே மரக்கரண்டியால் வழித்து, தடித்த பருத்தித் துணியால் துடையுங்கள். பிளேடும் இரும்பு நாரும் வேண்டாம்; அவை போடும் கீறலில் அடுத்த புடவையின் இழை மாட்டிக்கொள்ளும்.