காலிபரேஷன் வேலையில் மகளைச் சேர்க்கலாமா? ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பி.எஸ்சி. இயற்பியல் முடித்த தங்கள் மகளுக்குக் கோவையில் ஒரு காலிபரேஷன் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலைக்கு எதிர்காலம் உண்டா என்று வீட்டில் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். மென்பொருள் துறையோடு ஒப்பிட்டால் தொடக்கச் சம்பளம் குறைவுதான். அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆயினும் அந்த வேலை எதன் ஒரு பகுதி என்பதை அறிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

பம்ப் தயாரிக்கும் ஒரு பட்டறையில் தண்டின் விட்டத்தை அளக்கும் மைக்ரோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். அது சரியாகக் காட்டுகிறதா என்பதை, நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டையான ஸ்லிப் கேஜ் வைத்துச் சோதிக்கிறார்கள். அந்த ஸ்லிப் கேஜுக்கு அதைவிடத் துல்லியமான கேஜ்களை வைத்திருக்கும் ஓர் ஆய்வகம் சான்றிதழ் தந்திருக்கும். இப்படி மேலே போகப்போக, புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்து சேர்வோம். அங்கே கேஜின் நீளம் லேசர் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடப்படுகிறது. ஒரு நொடியை 29,97,92,458 பங்காக்கினால், அதில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி வெற்றிடத்தில் கடக்கும் தொலைவே ஒரு மீட்டர் என்ற பன்னாட்டு வரையறையில்தான் அந்த லேசரும் போய் நிற்கிறது. இதையே துறையினர் டிரேசபிலிட்டி என்கிறார்கள். சங்கிலி எங்கும் அறுந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணியிலும், தரப்பட்ட அளவை எந்த எல்லைவரை நம்பலாம் என்ற ஐயப்பாட்டுக் கணக்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில்தான் இயற்பியல் படித்தவருக்கு வேலை இருக்கிறது. நீள அளவீடுகளுக்கு உலகெங்கும் 20 டிகிரி செல்சியஸ் பொது வெப்பநிலையாக வைக்கப்பட்டுள்ளது. 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு 35 டிகிரி வெயிலில் ஏறத்தாழ 17 மைக்ரோமீட்டர் நீண்டுவிடும் (இங்கே மைக்ரோமீட்டர் என்பது கருவியல்ல, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு மைக்ரோமீட்டருக்காகச் சண்டை நடக்கும் இடத்தில் இது பெரிய பிழை. கருவியை இயக்கப் பழகுவதற்குச் சில மாதங்கள் போதும். பிழைகள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை எப்படிக் கூட்டுவது என்று கற்றவர்தான் பின்னாளில் ஆய்வகப் பொறுப்பாளராகவும், பிற ஆய்வகங்களை மதிப்பிடும் தணிக்கையாளராகவும் உயர முடியும்.

ஒரு நாட்டின் அளவை மற்றொரு நாடு ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி பழையது. 1875 மே 20 அன்று பாரிஸில் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியா 1957-இல் சேர்ந்தது. இன்றைய வணிகத்துக்கு அதைவிட நேரடியாகப் பயன்படுவது 1999-இல் தேசிய அளவீட்டு நிறுவனங்கள் செய்துகொண்ட பரஸ்பர ஏற்பு உடன்பாடு. ஒரே பொருளைப் பல நாட்டு ஆய்வகங்கள் அடுத்தடுத்து அளந்து முடிவுகளை ஒப்பிடுகின்றன. அந்த ஒப்பீட்டிலும் சக நிபுணர்களின் ஆய்விலும் தேறிய திறன்கள் மட்டுமே பாரிஸ் அருகே செவ்ரில் இயங்கும் பன்னாட்டு எடை அளவுப் பணியகத்தின் தரவுத்தளத்தில் ஏறுகின்றன. ஆய்வகங்களை அங்கீகரிக்கும் அமைப்புகளுக்கிடையிலும் இதேபோன்ற உடன்பாடு இருக்கிறது. நம் நாட்டின் அங்கீகார அமைப்பான என்.ஏ.பி.எல். அதில் உறுப்பு. ஆகவே, என்.ஏ.பி.எல். அங்கீகாரத்துக்கு உட்பட்ட அளவீடாக இருந்தால், தங்கள் மகள் கையெழுத்திடும் சான்றிதழை ஜெர்மனியில் ஒரு வாங்குநர் மறுபரிசோதனை கேட்காமல் ஏற்பதற்கு வழி இருக்கிறது.

எனவே கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள்: சேர வேண்டியது எந்த ஆய்வகம்? ஆய்வகங்களின் திறனுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17025-இன்படி அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். எந்தெந்த அளவீடுகளுக்கு, எவ்வளவு துல்லியம்வரை அங்கீகாரம் என்பதைக் காட்டும் அட்டவணையை என்.ஏ.பி.எல். இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். எடை, நீளம், அழுத்தம், வெப்பம் எனப் பல பிரிவுகள் அதில் இருந்தால் கற்க இடமுண்டு. சுவரில் சான்றிதழ் மட்டும் பளபளத்து, பணியாளர்களுக்கு ஐயப்பாட்டுக் கணக்கைச் சொல்லிக்கொடுக்காத இடமாக இருந்தால் நான் வேண்டாம் என்பேன். கணினி இந்த வேலையைப் பறித்துவிடும் என்ற அச்சம் பாதி உண்மை: வாசிப்புகளைக் குறித்தெடுக்கும் பணி தானியங்கியாகி வருகிறது, ஜெர்மனியின் தேசிய அளவீட்டு நிறுவனம் கணினியே படித்துக்கொள்ளும் மின்னணுச் சான்றிதழ்களை முன்னெடுக்கிறது. பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியைத் தங்கள் மகள் இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

அரசு வேலைதான் வேண்டுமென்றால், சட்டமுறை எடையளவுப் பணி தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. ஆனால் அது அமலாக்கப் பணி, ஆய்வகப் பணியிலிருந்து வேறுபட்டது. ஆராய்ச்சியில் நாட்டமிருந்தால் எம்.எஸ்சி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால், தேசிய இயற்பியல் ஆய்வகத்திலேயே முனைவர் பட்டத்துக்கு முயலலாம். கிலோகிராம் 2019 மே 20 முதல் குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுவதால், எடையளவு இன்று குவாண்டம் இயற்பியலோடு நேரடியாகத் தொடர்புடைய துறையாகிவிட்டது. முதலில் ஓராண்டு இந்த ஆய்வகத்தில் பணியாற்றிவிட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பது தங்கள் மகளுக்கு ஏற்றதாக இருக்கும் என்பது என் கருத்து. அதற்கான விடுப்பு விதிகளையும் ஒப்பந்தக் காலத்தையும் பணியில் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.