தடய அறிவியலில் ஆராய்ச்சியும் ஆசிரியர் பணியும்: வேதியியல் மாணவர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: "பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். தடய அறிவியலில் ஆராய்ச்சியும் கற்பித்தலும் செய்ய ஆசை. எம்.எஸ்சி. தடய அறிவியலில் சேரலாமா? அதற்குப் பின் என்ன வழி இருக்கிறது?"

சேர்வதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள். தடய அறிவியலில் எதை ஆராயப் போகிறீர்கள்? நச்சுப் பொருளையா, டி.என்.ஏ.வையா, கைரேகையையா, கையெழுத்தையா? இவை ஒவ்வொன்றும் தனி அறிவியல். நீதிமன்றத்துக்குப் பயன்படுகின்றன என்பதால் ஒரு பெயரின் கீழ் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். நச்சியல் ஆய்வாளர் முதலில் நல்ல பகுப்பாய்வு வேதியியலாளர். டி.என்.ஏ. ஆய்வாளர் முதலில் நல்ல மரபியலாளர். அதனால் உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது: எம்.எஸ்சி.யை வேதியியலிலேயே முடியுங்கள், பிஎச்.டி.யைத் தடய அறிவியல் தலைப்பில் செய்யுங்கள்.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ஆய்வகப் பணியிடங்கள் பெரும்பாலும் வேதியியல், உயிரியல், இயற்பியல் என்று பிரிவுவாரியாகவே நிரப்பப்படுகின்றன. தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி.யும், மத்திய தடய அறிவியல் ஆய்வகங்களின் உயர் பணிகளுக்கு யு.பி.எஸ்.சி.யும் ஆள் எடுக்கின்றன. பழைய அறிவிக்கைகள் மூன்று நான்கைப் பதிவிறக்கி, 'கல்வித் தகுதி' என்ற பத்தியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்தப் பட்டம் எந்தப் பிரிவுக்குச் செல்லும், இளநிலைப் பட்டத்தில் எந்தப் பாடம் இருந்திருக்க வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும். ஒரு மாலைப்பொழுது போதும். இதைச் செய்யாமல் இரண்டு ஆண்டும் கட்டணமும் செலவழித்துவிட்டு, விண்ணப்பிக்கும்போது தகுதியில்லை என்று தெரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். கற்பித்தலிலும் இதே நிலைதான். வேதியியல் துறை இல்லாத அறிவியல் கல்லூரி அரிது. தடய அறிவியல் துறை உள்ள கல்லூரிகள் குறைவு. வேதியியல் பட்டம் இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிரேதப் பரிசோதனை செய்வது சட்ட மருத்துவம், அதற்கு எம்.பி.பி.எஸ்., பின் எம்.டி. வேண்டும். தடய அறிவியல் பட்டதாரி அதைச் செய்ய முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் எம்.எஸ்சி. தடய அறிவியல்தான் வேண்டுமென்றால், படிப்பின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், ஆய்வகத்தைப் பார்த்துச் சேருங்கள். இந்தியாவில் இந்தப் பாடத்துக்கு முதன்முதலில் துறை தொடங்கியது மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகம், 1959இல். காந்திநகரில் இருக்கும் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய நிறுவனமானது. இவற்றைத் தவிர, அண்மை ஆண்டுகளில் தனியார் கல்லூரிகள் பல இந்தப் படிப்பைத் தொடங்கியிருக்கின்றன. நேரில் போய் விசாரியுங்கள். கலவையைப் பிரித்து அதிலுள்ள பொருள்களை அடையாளம் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவி ஓடுகிறதா, மாணவர் அதைத் தொட அனுமதி உண்டா? கடைசிப் பருவம் முழுவதும் ஆய்வேட்டுக்கா, அல்லது ஆறு வாரத்தில் முடிப்பதா? நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா? புள்ளியியல் தனித் தாளாக இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தால், ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர் அங்கே சேர வேண்டாம்.

தேர்வுகளைப் பொறுத்தவரை, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டில் தடய அறிவியல் தனிப் பாடம். முதல் தாள் 50 வினா, இரண்டாம் தாள் 100 வினா, சேர்த்து 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. வேதியியலில் முடித்தவர் சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் வேதியியல் தாளை எழுதலாம். கடினம் கூடுதல்தான், ஆனால் பயன்படும் இடமும் கூடுதல். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால் அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும் என்பதை மறக்க வேண்டாம். உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலை 1 முதல் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமல்ல. யு.ஜி.சி. ஊதிய விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரியில் இதே தொகையை எதிர்பார்க்காதீர்கள். நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

இனி பிஎச்.டி. இதில் அதிகம் பேர் விழும் குழி, தலைப்பு. வழக்குத் தடயங்களை நம்பித் தலைப்பு எடுக்காதீர்கள். ஆய்வகத்துக்கு வரும் தடயப் பொருள் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டது. அதைச் சோதிக்க ஆராய்ச்சி மாணவருக்கு எளிதில் அனுமதி கிடைக்காது, கிடைத்தாலும் மாதக்கணக்கில் ஆகும். போதைப்பொருள் பற்றிய ஆய்வென்றால், ஒப்பீட்டுக்கான தூய மாதிரி வாங்கவே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். மனிதரிடம் இரத்தமோ உமிழ்நீரோ எடுப்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மாதிரி எடுக்கத் தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். எடுத்துவிட்டுப் பின்தேதியிட்டு ஒப்புதல் வாங்க முடியாது. பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருந்தே முதல் ஒன்றரை ஆண்டைத் தொலைத்தவர்கள் உண்டு. உங்கள் கைக்கு எட்டும் பொருளைக் கொண்டு விடை காணக்கூடிய கேள்வியாக எடுங்கள்.

கைக்கு எட்டும் கேள்விக்கு நல்ல எடுத்துக்காட்டு தமிழ்க் கையெழுத்து. இலத்தீன் எழுத்தில் எந்த அம்சம் எத்தனை பேரிடம் காணப்படுகிறது என்பதற்குத் தரவு ஓரளவு சேர்ந்திருக்கிறது. தமிழுக்கு அப்படிப்பட்ட தரவு இன்னும் நிறைய வேண்டும். ணகரத்தின் சுழியை எப்படி முடிக்கிறார், ஒற்றைக் கொம்பை எங்கே தொடங்குகிறார், புள்ளியைப் புள்ளியாக வைக்கிறாரா, வட்டமாகவா, சிறு கோடாகவா, கை தூக்காமல் அடுத்த எழுத்துக்குப் போகிறாரா: இவையெல்லாம் எண்ணக்கூடிய அம்சங்கள். தாள், பேனா, ஒரு நல்ல ஸ்கேனர் போதும். ஆனால் வடிவமைப்பில் கவனம் வேண்டும். ஒருவரிடம் ஒரே ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு 'ஒவ்வொருவர் கையெழுத்தும் தனித்துவமானது' என்று முடிவெழுதும் ஆய்வேடுகளால் பயனில்லை. ஒரே ஆள் வெவ்வேறு நாளில் எவ்வளவு மாறி எழுதுகிறார் என்று தெரியாமல், இருவருக்கிடையே உள்ள வேறுபாட்டுக்குப் பொருளே கிடையாது. 100 பேர் என்றால் ஒவ்வொருவரிடமும் குறைந்தது மூன்று வெவ்வேறு நாளில், எல்லா உயிர்மெய்க் குறிகளும் வரும் ஒரே பத்தியை எழுதி வாங்குங்கள். எல்லாரையும் ஒரே பள்ளியிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே ஆசிரியரிடம் எழுதப் பழகிய கைகள் ஒன்றுபோல இருக்கும், உங்கள் எண்ணிக்கையும் சாய்ந்துவிடும். அம்சங்களைக் குறிப்பவர் இரண்டு பேராக இருக்கட்டும். எந்தத் தாள் யாருடையது என்று இருவருக்கும் தெரியக் கூடாது. இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் காப்பா என்ற புள்ளியியல் அளவால் கணக்கிட்டு, ஒத்துப்போகாத அம்சங்களை வெளிப்படையாக எழுதி விலக்குங்கள். விலக்கியவையும் ஆய்வின் முடிவுதான்.

இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்று ஈப்புழுவை வைத்துக் கணிக்கும் ஆய்வும் நம் ஊருக்கு ஏற்றது. குளிர்நாட்டில் எடுத்த வளர்ச்சி அட்டவணை இங்கே செல்லாது. நம் வெப்பத்தில் கிரைசோமியா மெகாசெபலா போன்ற ஈக்களின் புழு வேகமாக வளரும். இங்கே செய்யும் பிழை சின்னது, விளைவு பெரியது. புழுவை உயிரோடு ஆல்கஹாலில் போட்டால் அது சுருங்கிக் கறுக்கும், நீளம் குறைவாகத் தெரியும், கணிக்கும் வயதும் குறைந்துவிடும். 80 டிகிரிக்கு மேற்பட்ட சுடுநீரில் அரை நிமிடம் போட்டுக் கொன்ற பிறகே 80 சதவீத எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். வானிலை நிலையத்தின் வெப்பநிலையை மட்டும் நம்பாமல், புழு இருக்கும் இடத்திலேயே மணிக்கொரு முறை பதியும் கருவியை வையுங்கள். புழுக்கூட்டம் தானே வெப்பத்தை உண்டாக்கும்.

வேதியியல் மாணவரான உங்களுக்கு மிக நேரான வழி நச்சியல்: இரத்தத்தில் பூச்சிமருந்தைக் கண்டறியும் முறையை உருவாக்கிச் சரிபார்ப்பது. நச்சியல் முறைகளைச் சரிபார்ப்பதற்கான அமெரிக்காவின் ஏ.எஸ்.பி. 036 தரநிலையை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். செறிவுக்கும் கருவி காட்டும் அளவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் அளவீட்டுக் கோட்டுக்குப் பூச்சியம் நீங்கலாக 6 செறிவுகளாவது வேண்டும். துல்லியத்துக்கு மூன்று செறிவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று பிரதிகள், ஐந்து தனித்தனி ஓட்டங்கள். விலகல் 20 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். குறுக்கீட்டைப் பார்க்கப் பத்து வெவ்வேறு நபரின் வெற்று இரத்தம், அதாவது தேடும் மருந்து இல்லாத இரத்தம். மாணவர்கள் செய்வது என்னவென்றால், ஐந்து ஓட்டத்தையும் ஒரே நாளில் ஒரே கரைசலில் முடித்துவிடுவார்கள். எண்கள் அழகாக வரும். நாளுக்கு நாள் கருவி எவ்வளவு நகர்கிறது என்பது மட்டும் அதில் இருக்காது. மற்றொன்று, இரத்த வங்கியில் வாங்கிய இரத்தத்தில் நன்றாக வேலை செய்த முறை, அழுகிய உடலிலிருந்து எடுத்த இரத்தத்தில் தோற்கலாம். சிதைவில் உண்டாகும் பொருள்கள், கருவிக்குள் மருந்து மூலக்கூறு மின்னூட்டம் பெறும் அயனியாக்கத்தை அடக்கும். அந்த எல்லையை ஆய்வேட்டிலேயே எழுதுங்கள். பிறகு அந்த முறையைப் பயன்படுத்தும் ஆய்வகம் நீதிமன்றத்தில் தடுமாறாது.

பிழை வீதத்தை அளப்பதுதான் இன்று இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஆராய்ச்சி. 2011இல் அமெரிக்காவில் 169 கைரேகை நிபுணர்களிடம், மொத்தம் 744 ஜோடிகளிலிருந்து ஆளுக்கு ஏறத்தாழ 100 கொடுத்துச் சோதித்தார்கள். சரியான விடை சோதனையை நடத்தியவர்களுக்கு மட்டுமே தெரியும். பொருந்தாததைப் பொருந்துகிறது என்று சொன்னது 0.1 சதவீதம், பொருந்துவதைப் பொருந்தவில்லை என்று சொன்னது 7.5 சதவீதம். நூறாண்டுகளாக நீதிமன்றங்கள் நம்பி வந்த ஒரு முறைக்கு அந்த அளவில் எண் கிடைக்க இவ்வளவு காலம் ஆயிற்று. இப்படிப்பட்ட சோதனையை நம் நாட்டில் கையெழுத்துக்கும் காலணித் தடத்துக்கும் செய்ய ஆள் வேண்டும். அதற்காகத்தான் புள்ளியியலை வற்புறுத்துகிறேன்.

கற்பித்தலுக்கு வருவோம். செய்முறை வகுப்பில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மாணவரை விரலை நெற்றியில் தேய்த்துப் பதிக்கச் சொல்வார்கள். எண்ணெய் நிறைந்த அந்த ரேகை எந்தப் பொடியிலும் எழும்பும். உண்மைத் தடயம் அப்படி இருக்காது. ரேகையை வெளிக்கொணரும் வேதிப்பொருளான நின்ஹைட்ரின் எண்ணெயோடு அல்ல, வியர்வையின் அமினோ அமிலத்தோடு வினைபுரியும். ஆகவே தேய்க்காமல், ஒரே விரலை அழுத்தாமல் பத்து முறை வரிசையாகப் பதிக்கச் சொல்லுங்கள். எத்தனையாவது பதிவில் முறை தோற்கிறது என்று மாணவரே பார்க்கட்டும்.

முன்கூட்டியே தெரிந்த தகவலால் நிபுணரின் முடிவு சாயும் சார்பு பற்றி விரிவுரையைவிட ஒரு பயிற்சி நன்றாகக் கற்பிக்கும். சற்றுச் சிக்கலான ஒரே ரேகை ஜோடியை வகுப்பு முழுவதற்கும் கொடுங்கள். பாதிப் பேரின் தாளில் மட்டும் 'சந்தேக நபர் ஒப்புக்கொண்டார்' என்று ஒரு வரி சேருங்கள். இரு பாதியின் விடைகளையும் கரும்பலகையில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு 2004 மாட்ரிட் குண்டுவெடிப்பு வழக்கில் கிடைத்த ரேகையை எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டின் ரேகை என்று தவறாகச் சொன்னதை எடுத்தால், அது வேறு யாருக்கோ நடந்த கதையாகத் தோன்றாது. மாசுபடுதலுக்கு ஜெர்மனியின் ஹைல்ப்ரான் வழக்கு: பல ஆண்டுகள் பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது, 2009இல் தெரிந்தது, அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவருடையது என்று. குச்சி கிருமி நீக்கப்பட்டிருந்தது, ஆனால் டி.என்.ஏ. நீக்கப்படவில்லை. இரண்டும் வேறு என்பதை மாணவர் இந்த வழக்கால் மறக்கமாட்டார்.

பேராசிரியர் பதவி மட்டுமே வேலை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நிகழ்விடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. அவ்வளவு பேருக்குப் பயிற்சி தர ஆசிரியர்கள் தேவை. ஆய்வகத் திறனுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெறும் ஆய்வகங்களுக்குத் தர மேலாளர்களும் தேவை; முறைச் சரிபார்ப்பு தெரிந்த பிஎச்.டி. பட்டதாரிக்கு இது இயல்பான இடம். கருவி நிறுவனங்களில் பயன்பாட்டு விஞ்ஞானி வேலையும் இருக்கிறது.

இந்தப் பருவத்திலேயே செய்யக்கூடியது ஒன்று: உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் புற ஊதா நிறமாலைமானியில், ஏதாவது ஒரு மாத்திரையின் அளவீட்டுக் கோட்டை ஐந்து வெவ்வேறு நாளில் போடுங்கள். புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) கணினி மொழியை இலவசமாகப் பதிவிறக்கி, நாளுக்குள் உள்ள மாறுபாட்டையும் நாள்களுக்கிடையே உள்ள மாறுபாட்டையும் தனித்தனியே கணக்கிடுங்கள். பிஎச்.டி. வழிகாட்டிக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் அந்த முடிவுகளை இரண்டு பக்கத்தில் எழுதி இணைத்து அனுப்புங்கள்.